நான்கு எல்லையும் கடல்

பெயர்: மு. தெய்வசிகாமணி. பதவி: பன்னாட்டுச் சந்தைப் பகுப்பாய்வாளர். தகுதி: பிரெஞ்சு மொழி வல்லுநர், தீவுப் பொருளாதார நிபுணர். அலுவல் எல்லை: இந்தியப் பெருங்கடல் முழுவதும்.

பிளாஸ்டிக் உறையிட்ட இந்த அடையாள அட்டையைப் புதுவை வட்டார வெனிலா வளர்ப்போர் நலச் சங்கம் 2003 ஏப்ரலில் அவருக்கு வழங்கியது. அதைப் பச்சை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதலியார்பேட்டையில் கத்திரிக்காய் வாங்கப் போவார். இந்தியப் பெருங்கடல் முழுவதையும் பொறுப்பேற்றுக்கொண்ட அந்த மனிதர், பக்கத்திலிருக்கும் வங்காள விரிகுடாவிலேயே முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வாழ்நாளில் அவர் போன அதிகபட்ச தூரம் சிதம்பரம். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. சாம்பாரில் உப்பு அதிகம் என்று அன்று மாலையே திரும்பிவிட்டார்.

பாஸ்போர்ட் கிடையாது. அவர் தெருவில் நான்கு வீட்டார் பிரெஞ்சுக் குடிமக்கள். இவரும் ஆகியிருக்க வேண்டியவர்தான். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் கையெழுத்துப் போட ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அவருடைய அப்பா அந்த ஆறு மாதமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "வரிச நீளமா இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பி வந்தார். குடும்பம் இந்தியக் குடும்பமாகவே நின்றது இப்படித்தான். இதில் தேசபக்தி எதுவும் இல்லை.

ஆனால் பிரெஞ்சு இருந்தது. முப்பத்தோரு வருடம் அவர் ஒரு நொத்தேரிடம் எழுத்தராக இருந்தார். பத்திரம் எழுதி, கையெழுத்து வாங்கி, மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுக்கும் பிரெஞ்சுக் காலத்து அதிகாரிக்கு எங்கள் ஊரில் நொத்தேர் என்று பெயர். அந்தப் பழைய பத்திரங்களைப் படியெடுப்பதும், பாகப்பிரிவினை வழக்குகளுக்காகத் தமிழாக்குவதும் தெய்வசிகாமணியின் வேலை. நகல் மூலத்திலிருந்து ஒரு புள்ளிகூட விலகாது. மூலத்தை எலி கடித்திருந்தால் நகலில் அந்த இடத்தில் "இங்கு எலி கடித்துள்ளது" என்று எழுதுவார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பத்திரத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. கையெழுத்து நொத்தேருடையது, சொத்து வேறு எவருடையதோ. 2002இல் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதிலும் பெயர் பொறிக்கவில்லை.

அவரைக் கண்டுபிடித்தவர் கோபிநாத். தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டம் விற்றவர். தேக்கு வளர்ந்ததோ இல்லையோ, மூலக்குளத்தில் கோபிநாத்தின் வீடு இரண்டு மாடி வளர்ந்தது. புது நூற்றாண்டுக்கு அவர் வெனிலாவைப் பிடித்தார். பதப்படுத்திய காய் கிலோ இருபதாயிரம் ரூபாய்வரை போன காலம் அது. உலகத்து வெனிலாவில் பாதிக்கு மேல் மடகாஸ்கர் என்ற ஒரே தீவிலிருந்து போகிறது. தீவைப் புயல் அடித்தால் காய் குறையும், விலை ஏறும். தீவுக்காரர்கள் பத்திரிகை நடத்துவது பிரெஞ்சில். எங்கள் ஊரில் பிரெஞ்சு தெரியும். ஆகவே வெனிலா எங்கள் ஊர்ப் பயிர். கோபிநாத்தின் தர்க்கம் இவ்வளவுதான். இதில் ஓட்டை இருப்பதாகப் புதுச்சேரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கேரளாக்காரன் வளக்கறான், கர்நாடகாக்காரன் வளக்கறான். ஆனா மடகாஸ்கர்ல என்னா நடக்குதுன்னு அவனுக்குப் படிக்கத் தெரியுமா? நமக்குத் தெரியும். அதான் நம்ம பவர்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்.

தெய்வசிகாமணியிடம் அவர் நடத்திய நேர்முகத் தேர்வு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"பிரெஞ்சு தெரியுமா முசியே?"

"தெரியும்."

"மடகாஸ்கர் தெரியுமா?"

"தெரியாது."

"பரவால்ல, எங்களுக்கும் தெரியாது."

மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் சம்பளம். வாரம் ஒரு செய்தி மடல், ஒரே தாள், கீழே பெயர். அந்தக் கடைசி வார்த்தையில்தான் தெய்வசிகாமணி விழுந்தார்.

முதலியார்பேட்டையில் ஹேமலதா என்ற பெண் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினாள். மணிக்கு இருபது ரூபாய். தெய்வசிகாமணி வெள்ளிக்கிழமை வந்து தீவின் பத்திரிகைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, திரைக்கு நாலு விரல் கிட்டத்தில் மூக்கை வைத்துப் படிப்பார். சனிக்கிழமை அவர் தமிழில் எழுதிக் கொண்டுவருவதை ஹேமலதா கணினியில் அடித்துப் பிரதியெடுத்துத் தருவாள். முதல் இதழ் இப்படித் தொடங்கியது: "மேற்படி தீவுக்கு நான்கெல்லை விவரமாவது: கிழக்கில் கடல், மேற்கில் கடல், வடக்கில் கடல், தெற்கிலும் கடல். இதற்குள் அடங்கிய நிலமும், அதிலுள்ள கொடி வகையறாக்களும்."

ஹேமலதா விரலை நிறுத்தினாள். "சார், தீவுன்னாலே சுத்திக் கடல்தான சார்?"

"எழுதிடணும்மா. பின்னாடி வழக்கு வரக்கூடாது."

"யார் சார் வழக்கு போடப்போறா? கடலா?"

அடித்துக் கொடுத்தாள்.

சங்கத்தில் நாற்பத்துமூன்று உறுப்பினர்கள். வில்லியனூர்ச் சாலை விவசாயிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இரண்டு நகைக்கடைக்காரர்கள், அரியாங்குப்பம் பக்கத்துக் குப்பமொன்றில் மீன் ஏலம் விடும் ஆனந்தராஜ். வெனிலாவுக்கு எங்கள் ஊர் வெயில் ஆகாது என்பதால் நிழல்வலை கட்டி, சொட்டுநீர் விட்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கவனித்தார்கள். கொடி பூக்க மூன்று வருடம் ஆகும். அதுவரை என்ன செய்வது? கொடியை வெட்டித் துண்டு போட்டு அடுத்த உறுப்பினருக்கு விற்றார்கள். ஒரு மீட்டர் நூற்றிருபது ரூபாய். அவர் வளர்த்து, வெட்டி, அதற்கடுத்தவருக்கு. முதல் துண்டு கோபிநாத்தின் நாற்றங்காலிலிருந்து. ஏற்றுமதிப் பயிர் என்று சொன்னது பொய்யில்லை. மூலக்குளத்திலிருந்து அரியாங்குப்பம் வரை ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது.

2004 மார்ச்சில் மடகாஸ்கரை உண்மையிலேயே ஒரு பெரும்புயல் தாக்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, மூலக்குளம் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தெய்வசிகாமணி எழுந்து நின்று மடலை வாசித்தார். "மேற்படி புயலானது மேற்படி தீவின் வடகிழக்கு எல்லை வழியாகப் பிரவேசித்து, அங்குள்ள வீடு, வாசல், மரம், கொடி வகையறாக்களைச் சேதப்படுத்தி..."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"எத்தினி பேரு செத்தாங்களாம் சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நூத்துக்கணக்குல இருக்கும்னு போட்டிருக்கான்."

முன்வரிசையிலிருந்து அடுத்த கேள்வி வந்தது. "கொடி எத்தினி போச்சு? அத சொல்லுங்க."

கோபிநாத் லட்டு வரவழைத்தார். தட்டு ஆனந்தராஜிடம் வந்தபோது அவர் சிரித்தார். "எங்க குப்பத்துல புயல்னா பொம்பளைங்க கோயில்ல போயி உழுந்து அழுவாங்க. இங்க லட்டு குடுக்குறீங்க. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்." சொல்லிவிட்டு இரண்டாக எடுத்துக்கொண்டார். "ஒண்ணு ஊட்டுக்கு."

அன்றைய மடலின் கீழே தெய்வசிகாமணி பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. தனக்கென்று எடுத்துவைத்த நாற்பத்துநான்காவது பிரதியை அவர் வில்லியனூர் பஸ்ஸில் கொண்டுபோய், வழக்கம்போல, இறந்துபோன தம்பியின் மனைவி அங்கம்மாளிடம் கொடுத்தார். வாரா வாரம் கொடுப்பது வழக்கம். அவர் பெயரை அச்சில் பார்த்து வாயைப் பிளப்பதற்கு அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான். அங்கம்மாளுக்கு ஒரு காணி நிலம், ஒரு கிணறு. மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவாள், ஓரத்தில் கனகாம்பரம், கிணற்றடியில் கத்திரி. ஒன்று கெட்டால் ஒன்று கைகொடுக்கும். வெனிலா மடலை எழுத்துக்கூட்டிப் படித்து, பத்திரமாகச் சேர்த்து வைத்தாள்.

எழுத்தர் புத்தி ஒரு வியாதி. புயல் செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் தெய்வசிகாமணி மற்ற பக்கங்களையும் படித்தார். ஜூன், ஜூலையில் அந்தப் பத்திரிகைகளில் வேறு கதை ஓடியது. ஒரு நாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சொத்தைப் பற்றித் தெரியும். அதனால் அந்த நாட்டை அவர் ஒரு சொத்தாகப் படித்தார். படித்தது சரியாகவே புரிந்தது. பெரிய வீடு, வாடகைக்கு ஒரே ஒரு குடித்தனக்காரர். வாடகை எவ்வளவு என்பதைக் குடித்தனக்காரரே தீர்மானிக்கிறார். அவர் அள்ளிக் கொடுத்த வருடத்தில் வீட்டுக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. தீவின் அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது, காரும் இயந்திரமும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வெனிலா விலை தாங்காத அளவுக்கு ஏறியதும், வாங்கிக்கொண்டிருந்த ஐஸ்கிரீம், கேக் கம்பெனிகள் தொழிற்சாலை வாசனைக்கு மாறின. மாறுவதற்கு அவர்களுக்கு ஒரு வாரம் போதும். கொடி நட்டவனுக்கு மூன்று வருடம். வெளிநாட்டுப் பணம் வருவது குறைந்தது. வாங்க வேண்டிய மண்ணெண்ணெயும் அரிசியும் குறையவில்லை. ஆறே மாதத்தில் அந்த நாட்டு நாணயம் ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்தது. வெனிலாக் கொடியைக் கண்ணால் பார்த்திராத தலைநகர் ரிக்‌ஷாக்காரர் இரண்டு மடங்கு விலைக்கு அரிசி வாங்கினார். லட்டு சாப்பிட்டது யாரோ, பட்டினி யாருக்கோ.

(எங்கள் ஊர்க் கஜானா எந்தப் புட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று இந்த இடத்தில் கேட்கக்கூடாது. நாம் மடகாஸ்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.)

அறுபத்தேழாம் இதழுக்கு அவர் இதை அப்படியே எழுதினார். "மேற்படி நாட்டாரின் வரும்படி பெரும்பாலும் மேற்படி கொடியொன்றையே சார்ந்திருப்பதாலும், மேற்படி கொடிக்கு விலை வைக்கும் உரிமை மேற்படி நாட்டாரிடம் இல்லாமையாலும், விலை மேலும் இறங்குமென அறியப்படுகிறது." ஹேமலதா அடித்து முடிப்பதற்குள் கோபிநாத் வந்துவிட்டார். நின்றபடியே படித்தார்.

"என்னா முசியே இது?"

"போட்டிருக்கறது அதான் சார். வார்த்தைக்கு வார்த்தை."

"இத வாசிச்சா அடுத்த வாரம் எவன் நாத்து வாங்குவான்?"

"வாங்காம இருந்தா நல்லதுதான..."

"யாருக்கு நல்லது?" கோபிநாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை. தேக்கு விற்ற குரல். "நான் பொய் எழுதச் சொல்றனா? நவம்பர்லேந்து அங்க புயல் சீசனு. இந்த வருசமும் பெரும்புயல் வர வாய்ப்பு இருக்குன்னு எழுதுங்க. வாய்ப்பு இருக்கா இல்லியா?"

"இருக்கு. எல்லா வருசமும் இருக்கு."

"அப்புறம் என்னா? கீழ பேரு இன்னும் கொஞ்சம் பெருசா போட்டுக்கங்க."

முப்பத்தோரு வருடம் எலி கடித்த இடத்தைக்கூட விடாமல் எழுதிய கை, அன்று ஒரு நாட்டின் கஜானாவே விழுந்ததை விட்டுவிட்டு எழுதியது. பெயர் பதினெட்டு புள்ளி அளவில் அச்சானது. அதற்கடுத்த ஏழு இதழ்களிலும் வாய்ப்பு இருந்தது. விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் அவருக்குப் பெரிய உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, அங்கம்மாளே முதலியார்பேட்டைக்கு வந்தாள். மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு முத்திரைத்தாள்.

"மாமா, ஒரு பத்திரம் எழுதணும். வெளியில குடுத்தா காசு. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

"என்ன பத்திரம்?"

"அடமானந்தான். ஒரு காணியும் வச்சி வாங்கறேன். நெழல்வல, பைப்பு, நாத்து, எல்லாத்துக்கும் ஆவும்னாரு கோபிநாத் சாரு. பணம் குடுக்கறவரும் அவருக்குத் தெரிஞ்சவருதான். வர்ற திங்கக்கெழம ரிஜிஸ்தர்."

தெய்வசிகாமணி முத்திரைத்தாளைத் தொடவில்லை. "மல்லாட்ட?"

"புடுங்கியாச்சி. கனகாம்பரத்தையும் எடுத்துடணும். நடுவுல எதுவும் நிக்கக்கூடாதாம்."

"எடுக்காத. கொடி வேணாம், அங்கம்மா."

அவள் சிரித்தாள். இடுப்பிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். எழுபத்துநான்கு இதழ்களும் வரிசை குலையாமல் இருந்தன. மேலே இருந்ததை எடுத்து, விரல் வைத்துப் படித்தாள். "இந்த வருசமும் பெரும்புயல் வர வாய்ப்பு இருப்பதாக அறியப்படுகிறது. கீழ யாரு பேரு மாமா?"

"எழுதினது வேற. இப்ப நான் வாயால சொல்றேன், கேளு."

"அச்சுல போட்டது பொய்யா?"

'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "நெலம மாறிப்போச்சி" என்றார்.

"செவ்வாக்கெழம மாறிப்போச்சா? ஞாயித்துக்கெழம வரைக்கும் நல்லா இருந்திச்சே." முத்திரைத்தாளை மேசைமேல் வைத்தாள். "உங்கள நான் நம்பறேன் மாமா. ஆனா வாயால ஆயிரம் பேரு ஆயிரம் சொல்றாங்க. எங்கண்ணன் இன்னாத்துக்கு நடறேங்கறான், பக்கத்து ஊட்டுக்காரி இன்னும் ஏன் நடலேங்கறா. நெலம மாறிச்சின்னா வர ஞாயித்துக்கெழம அதுல போடுங்க. பாத்துட்டு நிறுத்திக்கறேன். போடலன்னா திங்கக்கெழம பத்து மணிக்கு வந்துடுங்க, சாட்சிக் கையெழுத்துக்கு."

போய்விட்டாள். அவள் அவரைச் சோதிக்கவில்லை. அவளுக்கு அச்சில் நம்பிக்கை, அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை வாரா வாரம் பஸ் ஏற்றிக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தவர் அவர்.

ஒரு காணி நிலம் ஒரு பக்கம். மறுபக்கம் ஆயிரத்தைந்நூறு ரூபாய், பச்சை நாடா, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று வாசிக்கும் பதினைந்து நிமிடம். மடலில் விலைச் சரிவைப் போட்டால் கோபிநாத் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வல்லுநரைத் தேடிக்கொள்வார். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கா எங்கள் ஊரில் பஞ்சம். யோசிக்க அவருக்கு நான்கு நாள் இருந்தது. நேர்மையான ஆளுக்கு நான்கு நிமிடம் போதும். அயோக்கியனுக்கு அதுவும் வேண்டாம். தெய்வசிகாமணிக்கு நான்கு நாளும் தேவைப்பட்டது.

சனிக்கிழமை மாலை ஹேமலதாவின் கடைக்கு வந்தார். சட்டைப்பையில் இரண்டு தாள்கள் மடித்து வைத்திருந்தார். எல்லோரும் போகும்வரை மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"சார், கடை சாத்தணும். எத அடிக்கறது?"

"ஏம்மா, ஒரு தப்புக் கேள்வி கேக்கறேன். மூலமும் நகலும் வேற வேறயா இருந்தா அதுக்கு என்னா பேரு?"

"எனக்கு என்னா சார் தெரியும்? நீங்கதான் பத்திர ஆபீஸ்ல இருந்தவரு."

"மோசடின்னு பேரு" என்றார் தெய்வசிகாமணி. தாள்களை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நன்றாகவே நடந்தது. எழுபத்தைந்தாம் இதழை அவர் கணீரென்று வாசித்தார். வரப்போகும் புயலுக்கு இப்போதே கைதட்டினார்கள். அன்று மட்டும் அறுநூறு மீட்டர் கொடி விற்றதாகக் கோபிநாத் பிறகு பெருமையாகச் சொன்னார்.

2005இல் விலை பாதாளத்துக்குப் போனது. முதன்முதலாகப் பூத்த கொடிகளைப் பார்க்கக்கூட யாரும் போகவில்லை. ஆனந்தராஜ் நிழல்வலையைப் பிரித்து மீன் காயவைக்கும் களத்துக்கு எடுத்துப் போனார். சங்கத்தில் முதலை உருப்படியாக மீட்டவர் அவர் ஒருவர்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர்களில் ஒருவர் வீட்டை விற்று மகளோடு போய்விட்டார். கோபிநாத் இப்போது காட்டாமணக்கு. காரெல்லாம் அந்த எண்ணெயில்தான் ஓடப்போகிறதாம்.

அங்கம்மாள் அடமானம் வைக்கவில்லை. மறுபடியும் மல்லாட்டை போட்டாள், கனகாம்பரம் அப்படியே நின்றது. எப்படித் தப்பித்தாய் என்று கேட்டவர்களிடம், "மாமா பேப்பர்ல போட்டிருந்தாரே, விலை விழுந்துடுச்சி, நடாதீங்கன்னு" என்றாள். ஒருவரும் நம்பவில்லை. நாற்பத்துமூன்று பேரிடமும் அதே எழுபத்தைந்தாம் இதழ் இருந்தது, எடுத்துப் பார்த்தார்கள், அப்படி ஒரு வரியும் அதில் இல்லை. பாவம், படிப்பு போதாது என்று முடிவு செய்தார்கள்.

தெய்வசிகாமணி அந்தச் சனிக்கிழமை நாற்பத்துமூன்று பிரதிகளில் புயல் வரும் என்று எழுதினார். நாற்பத்துநான்காவது பிரதியில் விலை விழுந்துவிட்டது, கொடி நட வேண்டாம் என்று எழுதி, மறுநாள் மாலை ஐந்தரை பஸ்ஸில் போய் அதை அங்கம்மாளிடம் கொடுத்தார்.